வேட்டைக்கு நாள் பார்த்தது

என் மனைவிக்கு ஐம்பது வயது நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தபோது, மண்டபம் எடுப்பதா வீட்டிலேயே செய்வதா என்று கேட்டேன். நாங்கள் இருக்கிற மெரிலேண்ட்ஸில், எங்களுக்குத் தெரிந்தவர்களுக்குள்ளேயே அந்த வருடம் மூன்று ஐம்பதாவது பிறந்தநாள்கள் நடந்திருந்தன. மூன்றிலும் அதே பொன்னிறப் பலூன்கள், அதே மீன் ரோல்ஸ். அவள் குசினியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னாள்.

"மண்டபம் வேண்டாம். எனக்கு ஒரு நாலு நாள் வேட்டைக்குப் போகவேணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு, தன் போனில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து என்னிடம் நீட்டினாள். 'ஹன்டிங் சஃபாரி' என்று தலைப்பில் இருந்தது. சஃபாரி என்றதும் என் மனதில் ஆபிரிக்காவும் கூரையில்லாத ஜீப்பும்தான் வந்தன. இது அப்படியொன்றும் இல்லை. நீல மலைகளைத் தாண்டிப் போனால் வருகிற மேட்டுநிலத்தில் ஒரு செம்மறிப் பண்ணை. அதன் சொந்தக்காரி ஆட்களை மான் வேட்டைக்கு அழைத்துப்போகிறவள். எந்த மாதத்தில் வரலாம், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாள்.

இது திடீரென்று முளைத்த ஆசை இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதி. கொரோனாக் காலம் முடிந்த பிறகு, ஒரு வருடம் வேறு எங்காவது வேலை செய்ய வேண்டும் என்று சொல்லி, மேற்கே கோதுமை விளைகிற ஒரு சின்ன ஊர் மருத்துவமனைக்குப் போனாள். அங்கே அவளோடு வேலை செய்த தாதி ஒருத்தியின் பண்ணையில் காட்டுப்பன்றிகள் புதிதாகப் பிறந்த குட்டி ஆடுகளைத் தின்றுகொண்டிருந்தன. அந்தச் சிநேகிதிதான் இவளுக்குச் சுடப் பழக்கியவள். ஒரு வருடம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, என் மனைவி முறைப்படி வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரமும் எடுத்திருந்தாள். ஆனால் துப்பாக்கி வாங்கவில்லை. அது எங்கள் வீட்டுக்குள் வராது என்பதை நாங்கள் ஒருநாளும் பேசி முடிவு செய்ததில்லை. பேசத் தேவையிருக்கவில்லை.

காரணம் நான்தான். நான் பதினாறு வயது வரைக்கும் போருக்குள் வளர்ந்தவன். இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. நகரசபையில் மழைநீர் வடிகால்களுக்கு வரைபடம் கீறுகிற அமைதியான வேலை. ஆனாலும் புதுவருட வாணவேடிக்கைக்கு நான் வீட்டின் நடுவில் இருக்கிற யன்னல் இல்லாத குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மகள் சின்னவளாக இருந்தபோது, அப்பாவுக்கு அந்த நேரத்தில் வயிறு சரியில்லாமல் போகும் என்று சொல்லிவைத்திருந்தாள் என் மனைவி.

வருடத்துக்கு மூன்று நான்கு முறை அவள் அந்தச் சிநேகிதியின் பண்ணைக்குப் போவாள். நான் ஒருமுறையும் கூடப் போனதில்லை. அவளும் கேட்டதில்லை. திரும்பி வரும்போது அவள் முகம் வேறு மாதிரி இருக்கும். சந்தோசம் என்று சொல்ல முடியாது. நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய பிள்ளையின் முகம்போல இருக்கும். அது ஓரிரண்டு நாளில் கரைந்துவிடும். இருபத்தாறு வருடமாகக் கூட வாழ்கிறவளுக்கு, எனக்குத் தெரியாத ஒரு முகம் எங்கிருந்தோ கிடைக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

"நீங்கள் வரத் தேவையில்லை," என்றாள், வெங்காயத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு. "நான் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு போறன்."

"இல்லை, நானும் வாறன்," என்றேன்.

கத்தி நின்றது. "யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"ஓம்."

யோசிக்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

*

முதலில் நாள் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பண்ணைக்காரி எழுதியிருந்தபடி, அங்கிருக்கிற மான்களுக்குச் சித்திரை மாதம்தான் இணைசேரும் காலம். கலைமான்கள் அப்போது மரங்களின் கீழே நின்று மூக்கால் குறட்டை விடுவதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். மற்றக் காலத்தில் கண்ணில் படாதவை அந்த மூன்று கிழமையும் பகலிலேயே வெளியில் வரும். அதைவிட என் மனைவிக்கு முக்கியமாக இருந்தது வேறொன்று. கார்த்திகை, மார்கழியில் பிறந்த குட்டிகள் சித்திரையில் பாலை மறந்து தாமாகவே மேயத் தொடங்கியிருக்கும்.

"குட்டி பால் குடிக்கிற காலத்தில நான் போகமாட்டன்," என்றாள். "அதில எனக்கு ரெண்டு பேச்சில்லை."

இனிச் சந்திரன். முழுநிலவுக் காலத்தில் மான்கள் இரவு முழுவதும் வெளிச்சத்தில் மேய்ந்துவிட்டு, விடிவதற்கு முன்பே காட்டுக்குள் படுத்துவிடும் என்றும், முடிந்தால் பௌர்ணமியைத் தவிர்க்கும்படியும் பண்ணைக்காரி எழுதியிருந்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த, தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டியைக் கழற்றிக் குசினி மேசையில் வைத்தேன். பக்கத்தில் அவளுடைய வேலை முறைப்பட்டியல். இன்னொரு பக்கம் பண்ணைக்காரியின் மின்னஞ்சல். வடிகால் வரைபடம் கீறுகிறவனுக்கு இது பிடித்த வேலை. மூன்று தாள்களையும் வரிசையாக வைத்து, பென்சிலால் நாட்களை வெட்டத் தொடங்கினேன்.

"பௌர்ணமி வேண்டாம் எண்டு அவ சொல்லுறா. உமக்கும் சித்திராப் பௌர்ணமி இறந்துபோன அம்மாவுக்குப் பிடிக்கிற விரதம். அது ரெண்டு பக்கமும் சரி," என்றேன்.

"வருசப்பிறப்புக்கு வீட்டில இருக்கவேணும். கோயிலுக்குப் போகவேணும்."

"அப்ப அதுக்கு அடுத்த நாள் வெளிக்கிடுவம். புதன்."

"புதன், வியாழன், வெள்ளி, சனி," என்று விரலில் எண்ணினாள். பிறகு நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமை நான் ஒரு உயிரையும் தொடமாட்டன்."

நாட்காட்டியில் அந்த வெள்ளிக்குக் கீழே ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. "அமாவாசையும் அண்டைக்குத்தான்," என்றேன். என் அப்பா இறந்த பிறகு அமாவாசையில் நான் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. நான்கு நாளில் ஒரு முழுநாள் இப்படியே போனது. வேறு கிழமை பார்ப்போமா என்று கேட்டேன். அதற்கு அடுத்த கிழமை அவளுக்கு விடுமுறை இல்லை. அதற்கும் அடுத்தது பௌர்ணமி. முன்னுக்குப் போனால், இங்கே குளிர் தொடங்குவதே சித்திரையில்தான் என்பதால், வெயில் குறையாமல் பாம்புகள் இன்னும் வெளியில் இருக்கும்.

அன்றே பண்ணைக்காரியை அழைத்தாள். வெள்ளிக்கிழமை வேட்டை இல்லை, அன்றைக்கு நாங்கள் மரக்கறிதான் சாப்பிடுவோம் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். மறுமுனையில், அறுபது வயதைத் தாண்டிய கரகரத்த குரல் ஒன்று, தன் கத்தோலிக்க அம்மாவும் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சமைக்க மாட்டாள் என்றும், மான்களுக்கும் ஒருநாள் ஓய்வு நல்லதுதான் என்றும் சொன்னது.

மகளுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் மெல்பேர்னில், கிளேட்டனில் தங்கிப் படிக்கிறாள். இரண்டு வருடமாகப் பால்கூடக் குடிப்பதில்லை. வீடியோவில் அவள் முகம் அப்படியே நின்றது. நெட்வேர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?"

"ஓம் பிள்ளை."

"அன்ட் அப்பா?" என்றாள். அவள் கண் என் பக்கம் திரும்பியது. "அப்பா, யூ ஹேட் லௌட் நாய்சஸ்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வயிற்றுவலிக் கதையை அவள் எப்போது நம்பாமல் விட்டாள் என்று நான் கேட்கவில்லை. "நான் சும்மா கூடப் போறன்," என்றேன். மான்களைப் பற்றி அவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். என் மனைவி குறுக்கிடாமல் எல்லாவற்றையும் கேட்டாள். முடிவில் மகள், "டேக் வார்ம் சொக்ஸ்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

*

பிறகு பொதி கட்டுகிற வேலை. பண்ணைக்காரியின் பட்டியலில் முதல் வரியே எங்களை மடக்கியது. நீல நிற உடுப்பு வேண்டாம். மானுக்கு நீலம் நன்றாகத் தெரியுமாம். என்னிடம் இருந்த தடித்த காற்சட்டைகள் எல்லாம் ஜீன்ஸ். உரசும்போது சரசரக்கிற நைலோன் ஜக்கெட்டும் கூடாது, கம்பளிதான் வேண்டும் என்றிருந்தது. பரமட்டாவில் பழைய உடுப்புக் கடைகளில் இரண்டு சனிக்கிழமை ஏறி இறங்கி, யாரோ ஒரு பெரியவர் போட்டுத் தேய்ந்த பச்சைக் கம்பளிச் சட்டையும், பாசிநிறக் காற்சட்டையும் எடுத்தேன். காற்சட்டை நீளம். என் மனைவி முழங்காலில் நின்று, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு, கீழ்ப்பக்கத்தை மடித்துத் தைத்தாள்.

மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய ஒரு செம்மஞ்சள் மேலங்கி வேண்டும். மானுக்கு அந்த நிறம் மங்கலாகத்தான் தெரியும் என்றிருந்தது. எனக்கு நகரசபையில் தந்த செம்மஞ்சள் மேலங்கி இருந்தது. ஆனால் அதில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற வெள்ளிப் பட்டிகள் தைத்திருந்தார்கள். ஒரு பின்னேரம் முழுவதும் இருந்து, சின்னக் கத்தரிக்கோலால் தையல் தையலாகப் பிரித்தேன்.

வாசனை அடுத்த பிரச்சினை. மானுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் கூர்மை. வாசனைச் சவர்க்காரம், பவுடர், தலைக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தது. தாளித்த வாசத்தைப் பற்றி எழுதவில்லை. பண்ணைக்காரிக்கு அது தெரிந்திருக்காது. என் மனைவி தன் ஜக்கெட்டை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள்.

"கறிவேப்பிலையும் வெந்தயமும்," என்றாள். "மான் இல்லை, பக்கத்து ஊரில இருக்கிற தமிழ் ஆக்களும் எழும்பி வருவினம்."

அப்பச்சோடா போட்டுத் தோய்த்து, கார் நிறுத்துகிற கொட்டிலில் பத்து நாள் காற்றில் தொங்கவிட்டோம். அந்தப் பத்து நாளும், தாளித்த வாசம் உடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று கதவைச் சாத்திவைத்துத்தான் சமைத்தோம்.

மருந்துப் பையை அவள் கட்டினாள். பாம்பு கடித்தால் சுற்றுகிற நீளமான பன்டேஜ்கள், இரத்தம் நிறுத்துகிற பட்டி, கையுறைகள், கண் கழுவுகிற நீர், எனக்கு இரத்த அழுத்தக் குளிசை, தனக்கு முழங்கால் வலிக்கு ஒன்று. ஒரு சின்ன வார்ட்டையே பொதி செய்கிறாள் என்று பகிடி பண்ணினேன். அவள் கையுறைகளைத் திரும்ப எண்ணினாள்.

நான் கட்டிய பைக்குள் என்ன இருந்தது என்பதை அவள் வெளிக்கிடுவதற்கு முதல்நாள்தான் கண்டாள். பண்ணைக்காரிக்குச் சமைத்துக் கொடுக்கலாம் என்று பருப்பு, சம்பா அரிசி, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம் வைத்திருந்தேன். அவற்றின் அடியில் காது அடைக்கிற பஞ்சுத் தக்கைகள் இரண்டு பெட்டி, வேலைத்தளத்தில் றோட்டு உடைக்கும்போது போடுகிற பெரிய காதுமூடி ஒன்று, அதைவிடப் பெரிய இன்னொன்று. அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்தாள். நான் வாசலில் நின்றேன். களவு பிடிபட்டதுபோல இருந்தது.

"இருங்கோ," என்றாள். கட்டிலில் பக்கத்தில் இருந்தேன்.

"மொத்தம் எத்தினை வெடி எண்டு நான் சொல்லுறன். புதன் பின்னேரம் துப்பாக்கி நேராச் சுடுதோ எண்டு பார்க்க மூண்டு. அதுக்குப் பிறகு, கிடைச்சால் ஒண்டு. பிழைச்சால் இன்னொண்டு. அவ்வளவுதான். அதுக்கு மேல இல்லை."

"ஐஞ்சு," என்றேன்.

"ஐஞ்சு. அதுக்கும் நீங்கள் கிட்ட நிக்கவேணும் எண்டில்லை."

இரண்டு காதுமூடிகளையும் என் தலையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். நல்லதைத் தெரிந்து மேலே வைத்தாள்.

*

புதன்கிழமை விடிய வெளிக்கிட்டு, மலை ஏறி இறங்கி, மத்தியானம் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தோம். பண்ணைக்காரி உயரமான, கையெல்லாம் வெயில் பட்டுச் சுருங்கிய மனுசி. கணவர் இறந்து எட்டு வருடம் என்றாள். நாங்கள் தங்க, முன்பு கம்பளி வெட்டுகிறவர்கள் தங்கிய மரவீடு ஒன்றைத் தந்தாள். என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "நல்ல கம்பளி, இப்போது இப்படி நெய்வதில்லை," என்றாள். எனக்குப் பரீட்சையில் பாஸானது போல இருந்தது.

மூன்று மணிக்கு மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில், மண்மேடு ஒன்றுக்கு முன்னால் பலகையில் தாள் ஒட்டி, துப்பாக்கியைச் சரிபார்த்தார்கள். துப்பாக்கி பண்ணைக்காரியுடையது. நான் நூறடிக்குப் பின்னால் பின்பக்கம் திறந்த அவளுடைய யூட் வண்டியின் பக்கத்தில், தக்கையும் போட்டு அதற்கு மேல் மூடியும் போட்டு நின்றேன்.

முதல் வெடி எப்போது வந்தது என்று தெரியாது. எனக்குத் தெரிந்தபோது நான் வண்டியின் பின்சில்லுக்கும் வேலிக்கும் இடையில், இரண்டு கைகளும் பிடரியில் இருக்க, குந்திக்கொண்டிருந்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே வந்தன. மூடிக்குள்ளால் அவை பெரிய சத்தமாகவே கேட்கவில்லை. ஒரு கதவை அறைந்து சாத்தியது போலத்தான். ஆனால் மூன்று முடிந்த பிறகும் என்னால் எழும்ப முடியவில்லை.

பண்ணைக்காரி என்னைக் கண்டாள். கண்டுவிட்டு, தாளைக் கழற்ற மேட்டுப் பக்கம் போனாள். வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள் என்று நினைக்கிறேன். என் மனைவி வந்து புல்லில் என் பக்கத்தில் இருந்தாள். என் காதிலிருந்து மூடியைக் கழற்றினாள்.

"முடிஞ்சுது. மூண்டும் முடிஞ்சுது," என்றாள். அதை மடியில் வைத்துக்கொண்டு, "வீட்ட போவமே?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். பிறகு, கல்யாணம் கட்டி இருபத்தாறு வருடத்தில் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன். ஷெல் அடிக்கும்போது பதுங்குகுழிக்குள் அம்மா என்னை எண்ணச் சொல்லுவா. அழாமல் இருக்க. ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று நான் சத்தமாக எண்ணுவேன். ஒருநாள் பதினொன்றோடு நின்றது. எல்லாரும் முடிந்துவிட்டது என்று வெளியே போனார்கள். நான் எண்ணுவதற்குப் பன்னிரண்டைக் காத்துக்கொண்டு உள்ளேயே இருந்தேன். பன்னிரண்டாவது வந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டில் ஆனது.

"எனக்குச் சத்தத்தில பயமில்லை," என்றேன். "அடுத்தது எப்ப எண்டு தெரியாததுதான்."

அவள் என் கையை எடுத்து, நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டில் விரல்களை வைத்தாள். உண்மையாகவே நாடி பார்த்தாளோ தெரியாது.

"சொல்லாமல் கொள்ளாமல் ஊசி போட்டால் ஆரும் துள்ளத்தான் செய்வினம்," என்றாள். "வார்ட்டில நான் ஒருநாளும் அப்பிடிச் செய்யமாட்டன். உங்களுக்குச் செய்து போட்டன். இனிச் சொல்லிப் போட்டுத்தான்."

காட்டுக்குள் வாய் திறந்து பேச முடியாது. அதனால் அன்று பின்னேரமே ஒரு ஏற்பாடு செய்தோம். நான் அவளுக்கு இடதுபக்கம் இருப்பேன். சுடப்போகிறாள் என்றால், தன் முழங்காலால் என் முழங்காலை மூன்று முறை தட்டுவாள். மூன்றாவது தட்டுக்குப் பிறகு மூச்சை விடுகிற நேரம்.

*

வியாழன் விடியற்காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. பண்ணைக்காரி ஒரு சின்னப் போத்தலை அமத்தி மாவு மாதிரி ஒன்றை ஊதினாள். அது எங்கள் முகத்துப் பக்கம் வந்தது. எங்கள் வாசம் மான் பக்கம் போகாது, காற்று சரி என்று தலையாட்டினாள். ஒரு விழுந்த மரத்தின் பின்னால் மூன்று பேரும் இருந்தோம்.

அவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் நான் என் வாழ்நாளில் இருந்ததில்லை. கால்விரல்கள் மரத்தன. வெளிச்சம் முதலில் மரங்களின் உச்சிக்கு வந்தது. பிறகு அந்தச் சத்தம். குறட்டையும் இல்லை, இருமலும் இல்லை. பழைய மோட்டர் சைக்கிளை யாரோ திரும்பத் திரும்ப உதைத்துப் பார்ப்பது போல. நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் அந்த முகத்தைக் கண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் கரைந்துபோகிற முகம். இங்கே அது முழுதாக இருந்தது. கண் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மான் வெளியே வந்தது. அகன்ற கொம்பு, மங்கிய புள்ளிகள். அவள் முழங்கால் என்னைத் தட்டியது. ஒன்று. நான் காதுமூடியை இழுத்து அமத்தினேன். இரண்டு. மூச்சைப் பிடித்தேன்.

மூன்றாவது வரவில்லை.

என் உடம்பு முழுவதும் அந்த மூன்றாவதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவள் துப்பாக்கியைத் தாழ்த்தினாள். மானுக்குப் பின்னால், பற்றைக்குள்ளிருந்து ஒரு பெட்டைமான் தலையை நீட்டியது. குண்டு ஒன்றைத் தாண்டி மற்றதிலும் படலாம். இரண்டும் இறங்கிப் பள்ளத்துக்குள் போய்விட்டன.

திரும்பி நடக்கும்போது அவள் சொன்னாள், "ரெண்டோட விட்டுட்டன். அது உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும், என்ன?"

"ஓம்," என்றேன். பொய் சொல்லவில்லை. "ஆனா நீர் விட்டது சரி."

வியாழன் பின்னேரமும் ஒன்றும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் பண்ணைக்காரியின் குசினியில் சமைத்தேன். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய் கிடைக்காததால் உருளைக்கிழங்குப் பொரியல். தாளிக்கத் தொடங்குவதற்கு முன், என் மனைவி எல்லாருடைய ஜக்கெட்டுகளையும், பண்ணைக்காரியுடையதையும் சேர்த்து, தூக்கிக்கொண்டு போய் வெளியே கொடியில் போட்டாள். பண்ணைக்காரி கரண்டியால் சாப்பிட்டாள். இரண்டாம் முறை பருப்பைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள். கணவர் இறந்த பிறகு இந்த மேசையில் வேறொருவர் சமைத்ததைத் தான் சாப்பிடுவது இதுதான் முதல் என்று, உப்பு அளவாக இருக்கிறது என்கிற குரலிலேயே சொன்னாள்.

சாப்பிட்ட பிறகு நாங்கள் இருவரும் பண்ணையில் மழைநீர் தேக்குகிற சின்ன அணைக்கட்டுப் பக்கம் நடந்தோம். எதுக்காக இதெல்லாம் என்று அன்றைக்குத்தான் அவளிடம் கேட்டேன்.

"வார்ட்டில எல்லாச் சத்தமும் என்னைக் கூப்பிடுற சத்தம்தான்," என்றாள். "மெஷின் கத்தினாலும், போன் அடிச்சாலும், ஆரும் அழுதாலும் நான் ஓடவேணும். வீட்டில குக்கர் விசில் அடிச்சாக்கூட நெஞ்சு துள்ளுது. இங்க இருக்கேக்க எத்தினையோ சத்தம் கேக்குது. ஒண்டும் என்னைக் கூப்பிடுறேல்லை."

"சும்மா வந்து இருக்கலாமே. சுடத்தான் வேணுமோ?"

அவள் யோசித்தாள். "சும்மா இருந்தால் நான் போனை எடுத்திடுவன்," என்றாள். கொஞ்சம் நடந்துவிட்டு, "கடையில பெட்டியில வாற இறைச்சியை நான் யோசிக்காமல் சமைக்கிறன். இதை யோசிக்காமல் செய்ய ஏலாது. அது எனக்குச் சரியாப் படுது. உங்களுக்குச் சரியாப் படவேணும் எண்டில்லை."

எனக்கு முழுதாகச் சரியாகப் பட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பதும், அதே வீட்டில் நான் குக்கர் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

*

சனிக்கிழமை காற்று மாறியிருந்தது. பண்ணைக்காரி எங்களை வேறொரு சரிவுக்குக் கூட்டிப்போனாள். வெளிச்சம் வந்து அரை மணி நேரத்தில், தனியாக ஒரு கலைமான், பெரியதும் இல்லை சின்னதும் இல்லை, வெளிக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. பின்னால் வெறும் மண்சரிவு.

முழங்கால் தட்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான் மூச்சை விட்டேன். வெடித்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். கைகள் பிடரிக்குப் போகவில்லை. சத்தம் பள்ளத்துக்குள் இறங்கி, எதிர்ச் சரிவில் ஏறி, தூரத்தில் தேய்ந்தது. என் வாய் தானாக 'ஒண்டு' என்றது. அதன் பிறகு எண்ண ஒன்றும் இருக்கவில்லை.

மான் முப்பது அடி ஓடி விழுந்தது. பண்ணைக்காரி எங்களைக் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னாள். பிறகு மூவரும் நடந்து போனோம். என் மனைவி ஒரு குச்சியால் அதன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். அசைவில்லை. பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு பத்து," என்று ஆங்கிலத்தில் மெல்லச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வார்ட்டில் ஒருவர் இறந்தால் நேரம் பார்த்துச் சொல்கிற பழக்கம். குச்சியைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் அவளுடைய கையுறைகளைக் கழற்றி, என் கம்பளிச் சட்டைக்குள் அவள் கைகளை வைத்துக்கொண்டேன். பண்ணைக்காரி கத்தியை எடுக்காமல் காத்திருந்தாள்.

"சரி," என்று கடைசியில் என் மனைவி சொன்னாள். "வாங்கோ, தொடங்குவம்."

உரித்து வெட்டியதை எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நான் ஒரு முன்னங்காலைத் துணிப்பையில் போட்டுத் தோளில் சுமந்தேன். நான் நினைத்ததைவிடப் பாரமாகவும், நான் நினைத்ததைவிடச் சூடாகவும் இருந்தது. பண்ணைக்காரி ஒரு பின்னங்காலைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியை எங்கள் ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். புறப்படும்போது என் கையைப் பிடித்து, அடுத்த தடவை அந்தப் பருப்பை எப்படிச் செய்வது என்று எழுதித் தர வேண்டும் என்றாள். புதன்கிழமை கண்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மலை இறங்கும்போது மகள் அழைத்தாள். என்ன கிடைத்தது என்று கேட்கவில்லை. "அப்பா ஓக்கேயா?" என்றுதான் கேட்டாள். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி போனை என் வாய்ப் பக்கம் பிடித்தாள். ஓக்கே என்றேன். அவள் நம்பினாளோ தெரியாது. யூலை விடுமுறைக்கு வருவேன், அதற்கு முதல் ஃபிரிஜ்ஜைச் சுத்தம் பண்ணிவையுங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி எழும்புவதற்கு முன்னரே நான் இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டி, மிளகாய்த்தூளும் இஞ்சியும் உள்ளியும் போட்டு ஊறவைத்தேன். மான் இறைச்சியில் கொழுப்பு இல்லை. கொஞ்சம் கவனமில்லாவிட்டால் தோல்மாதிரி ஆகிவிடும் என்று பண்ணைக்காரி சொல்லியிருந்தாள். குக்கரை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, மூடிபோட்ட சட்டியில் சின்ன நெருப்பில் இரண்டரை மணி நேரம் வைத்தேன். அவள் எழும்பி வந்து, தேநீர் குடித்து, சோபாவில் சாய்ந்தவள் திரும்பவும் நித்திரையாகிவிட்டாள். அடுத்த நாள் காலை அவளுக்கு வேலை.

மத்தியானம் ஒரு மணி ஆனது. சோறு வடித்துவிட்டேன். கறி பதமாக வந்திருந்தது. இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளில் எடுத்துவைத்து, அவளுடையதை மூடி, எதிரே கதிரையில் இருந்தேன். அவள் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, ஒரு கை கீழே தொங்க, நித்திரை கொண்டாள். எனக்குப் பசித்தது. ஆனாலும் அவள் எழும்பும்வரை சாப்பிடாமல் இருந்தேன்.